சுவட்டலை: விழிப்பும் அல்ல, உந்தலும் அல்ல

‘ஜெட் படகு விழிப்பு உலாவலுக்கு ஏற்றதா?’ காரைக்குடிப் பக்கத்து மரபு வீட்டு விடுதிகளில் கைக்கு வரும் மொழிபெயர்ப்புத் தாள்களில் இப்படியெல்லாம் அச்சாகிறது. விழித்துக்கொண்டு உலாவுவதற்குப் படகு எதற்கு? செட்டியூருணிக் கரையே போதுமே.

கேட்க வந்தது ‘வேக் சர்ஃபிங்’. ஓடும் படகின் பின்னால் எழும் அலையில், பலகைமேல் நின்று, கயிற்றையும் விட்டுவிட்டுச் சறுக்குவது. ஆங்கிலத்தில் ‘வேக்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று விழிப்பது. மற்றது பழைய நார்ஸ் மொழியில் உறைபனியில் திறந்த நீர்ப்பிளவைக் குறித்த சொல்லின் வழிவந்தது. பிறகு கப்பல் போன தடத்துக்கு ஆயிற்று. ‘ஆறு கடந்தான்’ என்பதை எண் ஆறு என்று பெயர்ப்பவனை என்ன சொல்வோம்? ‘உலாவல்’ இணையத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அலைமேல் போவதற்கு அலைச்சறுக்கு என்ற நல்ல சொல் இருக்கிறது.

விழிப்பைத் திருத்துவது எளிது. திருத்த வந்தவர்கள் ஆக்கிய சொற்கள்தான் தொல்லை. ‘பின்னலை’ என்றார்கள். பின்+அலை, இலக்கணம் சரி. படிக்கிற கண்ணுக்கு ஜடைப் பின்னல்தான் தெரிகிறது. அடுத்து வந்தது ‘உந்தலை’. தூய தமிழ் என்ற பெருமையோடு உலவுகிறது. தூய்மை இருக்கட்டும், பொருளே தப்பு. எஞ்சின் உந்துவதால் அலை எழுகிறது என்கிறது அந்தச் சொல்.

ஊருணியில் முக்குளிப்பான் பறவை நீந்துவதைப் பாருங்கள். எஞ்சின் கிடையாது, பின்னால் விரிகிற அலை மட்டும் படகினுடையதைப் போலவே இருக்கும். ஆழ்ந்த நீரில் இந்த விரிவு பக்கத்துக்குச் சுமார் 19.5 பாகை என்று 1887இல் கணக்கிட்டவர் இயற்பியலாளர் கெல்வின். அலையை எழுப்புவது நீரை விலக்கிப் போகும் உடல்தான். பாய் விரித்த வள்ளமும் தடம் விடும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, கப்பலேறிப் போனவர்கள் பார்த்ததும் அதே தடம்தான். ஆகவே, படகின் சுவட்டில் எழும் அலை: சுவட்டலை. அதில் சறுக்குவது சுவட்டலைச் சறுக்கு. நாலைந்து எழுத்து கூடினால் நாக்கு தேய்ந்துவிடாது.

‘உந்தலை’யை நம்புகிறவர், ஜெட் என்றால் பீச்சுகிற வேகத்தில் அலையும் பெரிதாகும் என்று நினைப்பார். நடப்பது தலைகீழ். சறுக்குக்கு வேண்டிய வேகம் மணிக்கு 16 முதல் 19 கி.மீ.தான். அந்த வேகத்தில் படகு முழுதும் மேலெழும்பாமல் பின்பக்கம் அமுங்கி நிற்கும். அப்போதுதான் அலை உயரும். அமுங்கக் கனம் வேண்டும். ஜெட் படகுகள் பெரும்பாலும் எடை குறைந்தவை, அடிப்பகுதி ஆழமில்லாதவை. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக 1950களில் அந்நாட்டுப் பொறியாளர் ஹாமில்டன் வளர்த்தெடுத்த வகை அது, கனத்துக்காகப் பிறந்ததல்ல. சறுக்குகிற பக்கத்துப் பின்மூலையில் தண்ணீர்ப் பைகள் வைத்து ஈடுகட்டலாம். 300 லிட்டர் என்றால் 300 கிலோ, ஆள்கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அளவு மீறிச் சாய்ந்தால், அடியிலிருந்து நீரை இழுத்துப் பின்னால் பீச்சும் பம்பின் உறிஞ்சுவாய் காற்றை இழுக்கும், பம்ப் வெறுமனே சுற்றும். வேகம் குறைந்தால் ஜெட் படகு நேர்கோட்டில் நிற்காது, மூக்கை ஆட்டும். முடுக்கியிலிருந்து கையை முழுக்க எடுத்துவிட்டால் திருப்பவும் முடியாது. தாரை கிளப்பும் நுரையும் சறுக்குபவர் காலடிக்கு அருகில்தான்.

ஏற்றதா என்றால், ஒரு விஷயத்தில் ஏற்றது: வெளியே விசிறி இல்லை. பின்பக்கத்துக்கு வெளியே விசிறி சுழலும் வழக்கமான அவுட்போர்டு படகில் இந்தச் சறுக்கு கூடவே கூடாது. விழுந்தவர் விசிறிக்கு மிக அருகில் இருப்பார். அதற்காக ஜெட் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. தொங்கும் கயிற்றை உறிஞ்சுவாய் இழுத்துக்கொள்ளும். தாரையின் நேர்ப்பாய்ச்சல் உடலின் உள்ளுறுப்புகளையே கிழிக்கும். தடித்த நீர்க்கால்சட்டை (வெட்சூட்) இல்லாமல் பின்னால் போகக் கூடாது. பெரிய அலை வேண்டுமென்றால், விசிறி படகின் அடியில் ஒடுங்கிய, கனத்த இன்போர்டு படகுதான்.

ஜெட் படகுக்குத் தமிழ்? ‘உந்துவிசைப் படகு’ வெற்றுச்சொல், எந்தப் படகுக்குத்தான் உந்துவிசை இல்லை? தூய்மைக்காரர்களின் ‘பீச்சுப் படகு’ நல்ல வேரில் வந்தது, பால் பீச்சுவதில் இருக்கிற அதே பீச்சு. ஆனால் தாளில் படிப்பவருக்கு மெரினா பீச்சுதான் நினைவுக்கு வரும். நீர்த்தாரைப் படகு என்றால் குழப்பமில்லை. தாரை வடமொழிதானே என்பார்கள். கண்ணீர் தாரை தாரையாக வடியும்போது யாரும் வேர் கேட்பதில்லை.

அதே தாளின் கடைசி வரி: ‘அலை நீள, படகின் வில்லில் எடை கூட்டவும்.’ அறிவுரை சரி. முன்பக்கக் கனம் அலையை நீட்டும், பின்பக்கக் கனம் உயர்த்தும். ஆனால் ஆங்கிலத்தில் வில்லுக்கும் படகின் முன்முனைக்கும் எழுத்து ஒன்றே (bow); இங்கே அது வில் அல்ல, முன்முனையான அணியம். தொண்டிக் கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.