எக்ஸ்க்ளூசிவ்: பிரத்தியேகமா, குத்தகையா?

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மதுரை மீனாட்சி பஜார் பக்கம் போயிருந்தேன். அவனிடம் சோனியின் வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷன், பழையது ஒன்று இருக்கிறது. அதற்கு செகண்ட் ஹேண்ட் டிஸ்க் ஏதாவது மலிவாக மாட்டுமா என்று பார்க்கப் போனோம். ‘அண்ணே, ஹேலோ கேம் இருக்கா?’ என்று கேட்டான். கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘அது எக்ஸ்பாக்ஸ் எக்ஸ்க்ளூசிவ் தம்பி, உன் மெஷின்ல ஓடாது’ என்றார். எக்ஸ்பாக்ஸ் என்பது மைக்ரோசாஃப்டின் போட்டிப் பெட்டி. திரும்பும் வழியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஆளுயர பேனர்: ‘எக்ஸ்க்ளூசிவ் பட்டு கலெக்‌ஷன்’. ஒரு எக்ஸ்க்ளூசிவ் கதவைச் சாத்துகிறது, இன்னொன்று வாங்க வாங்க என்று கூப்பிடுகிறது. ஒரே சொல்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் கேம் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். லத்தீனில் ‘கிளாடெரெ’ என்றால் சாத்துவது, மூடுவது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ஒருவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதுதான் ‘எக்ஸ்க்ளூடெரெ’. சிலரை மட்டும் உள்ளே விடுகிற இடம் என்றால் மற்றவர்களுக்கு அது பெரிய இடமாகத் தெரியும் அல்லவா? அந்த வழியில் சொல்லுக்கு ‘உயர்தரம்’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஜவுளிக்கடை எடுத்துக்கொண்டது அந்த ஒட்டுப்பொருளைத்தான்.

தமிழில் வழக்கமாக ‘பிரத்தியேக’ என்று போட்டுவிடுகிறோம். வடமொழியில் ‘பிரதி’யும் ‘ஏக’மும் சேர்ந்தது, ‘ஒவ்வொன்றும்’ என்று பொருள். தமிழுக்கு வந்து ‘தனிச் சிறப்பான’ என்று மாறிவிட்டது. பட்டுப்புடவைக்குச் சரி. கேம் விஷயத்தில் அந்தச் சாத்திய கதவு அதில் இல்லை. ‘ஏகபோகம்’ கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஒருவரே அனுபவிப்பது என்று பொருள். ஒரே பிராமணருக்குக் கொடுத்த நிலத்தை ஏகபோக பிரம்மதேயம் என்றார்கள். ஆனால் இன்று ஏகபோகம் என்றால் மொத்தச் சந்தையும் ஒருவர் கையில் என்றுதான் புரிந்துகொள்கிறோம். பள்ளிக்கூடப் பொருளியல் புத்தகத்தில் அதற்குப் பெயர் ‘முற்றுரிமை’. கன்சோல் என்கிற கேம் பெட்டிகளின் சந்தையோ சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் என்று மூன்று பேர் கையில் இருக்கிறது. அதே புத்தகம் இதைச் ‘சில்லோர் முற்றுரிமை’ என்று சொல்லும். எக்ஸ்க்ளூசிவ் என்பது சந்தையைப் பற்றிய பேச்சே இல்லை, ஒரு கேமைப் பற்றிய பேச்சு.

என்னைக் கேட்டால் நம்மிடம் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: குத்தகை. கன்னடத்தில் குத்திகே, தெலுங்கில் குத்த. தெலுங்கில் முற்றுரிமைக்கே ‘குத்தாதிபத்யம்’ என்றுதான் பெயர். நாமும் சும்மாவா, ‘என்னமோ மொத்தக் குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி பேசுறான்’ என்கிறோம். மதுரையைச் சுற்றிய கிராமங்களில் கண்மாய் மீனை ஏலத்தில் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டால் தவணை முடியும்வரை வேறு யாரும் வலை வீசக் கூடாது. மீன் அவர் வளர்த்ததா, தானாக வந்ததா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. இதற்கு நேரெதிர், மேலூர்ப் பக்கம் நடக்கிற மீன்பிடித் திருவிழா. வலை, ஊத்தா, கச்சா என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கிவிடும். கேம் உலகில் அதை, அதாவது பல பெட்டிகளிலும் ஓடுவதை, மல்டிபிளாட்ஃபார்ம் என்பார்கள்.

கொஞ்ச காலத்துக்கு மட்டும் ஒரு கேமை ஒரே பெட்டியில் வைத்திருக்கிற ‘டைம்டு எக்ஸ்க்ளூசிவ்’ என்பது அப்படியே கண்மாய்க் குத்தகைதான். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. சோனி பேசி வைத்திருந்த ஒப்பந்தத்தால் எக்ஸ்பாக்ஸ்காரர்கள் 2003 வரை காத்திருந்தார்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் முறை. ‘ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர்’ அந்த நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, பிளேஸ்டேஷனுக்குப் போய்ச் சேர 2016 அக்டோபர் ஆகிவிட்டது.

குத்தகைக்கு இவ்வளவு கொட்டிக் கொடுப்பது ஏன்? கன்சோல் பெட்டியில் பெரிய லாபம் கிடையாது, பல சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். அந்தப் பெட்டியில் விற்கிற ஒவ்வொரு கேமிலும் ஏறத்தாழ 30 சதவீதம் தங்களுக்கு வரும், பணம் அங்கேதான். ஒரு கேமுக்காக ஒருவன் பெட்டியை வாங்கினால் போதும், அப்புறம் பல வருஷம் அந்தக் கடையில்தான் சாமான் வாங்கியாக வேண்டும்.

இந்த வித்தையில் முன்னோடி நிண்டெண்டோ. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைத்தார்கள். கேசட்டில் ஜோடிச் சில்லு இல்லாவிட்டால் பெட்டி ஓடாது. சில்லு வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: வருஷத்துக்கு 5 கேம்தான், அதையும் 2 வருஷத்துக்கு வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. அதாவது பணம் கொடுக்காமலே குத்தகை. அந்தப் பூட்டு மதுரைக்கு வந்து சேரவில்லை. தொண்ணூறுகளில் நாங்கள் ‘டிவி கேம்’ என்று ஆடியதெல்லாம் நிண்டெண்டோ ஜப்பானில் விற்ற பெட்டியின் நகல். ஜப்பான் பெட்டியிலேயே அந்தச் சில்லு கிடையாது. மஞ்சள் கேசட், மேலே ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர். போட்டால் ஒரே மரியோ முப்பது பெயரில் வரும். கேசட்டின் தகடு பிடிக்காவிட்டால் வாயால் ஊதிவிட்டுச் செருகுவோம். எக்ஸ்க்ளூசிவ் என்ற சொல்லையே நான் அப்போது கேட்டதில்லை.

மரியோ மாதிரி சொந்தக் கேம்களுக்குக் குத்தகை என்ற சொல் ஒத்துவராது, அது பட்டா நிலம். ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை’ என்று நம் ஊர் மிட்டாய்க் கடைகளில் தொங்குகிற போர்டுதான் அதற்குச் சரி. சோனியும் மைக்ரோசாஃப்டும் நிறைய நிலத்தைக் கிரயம் பண்ணியே சேர்த்தவர்கள். ஹேலோவே அப்படித்தான். 1999இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள் மேடையில் காட்டிய கேம் அது. 2000இல் மைக்ரோசாஃப்ட் அதைச் செய்த பஞ்ஜி நிறுவனத்தையே வாங்கியது, 2001இல் அது எக்ஸ்பாக்ஸின் முகமாகிவிட்டது.

அட்டையில் அச்சிட ஒரு சொல் வேண்டுமென்றால் ‘மட்டும்’ போதும். ‘நிண்டெண்டோவில் மட்டும்’. மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுப்படுத்துவது அதிலிருந்து வந்ததுதான். ‘அவன் வர்ற மட்டும் இங்கேயே இரு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள், அங்கே அது ‘வரை’ என்ற பொருளில் வருகிறது. இடத்துக்குப் போடும் எல்லையும் காலத்துக்குப் போடும் எல்லையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘டைம்டு’ என்று தனியாக ஒட்ட வேண்டிய தொல்லை தமிழுக்கு இல்லை.

அந்தக் ‘காலம் மட்டும்’ இப்போது பட்டா நிலத்துக்கும் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்கப் போனபோது அதன் ‘கால் ஆஃப் டியூட்டி’ கேம் கைவிட்டுப் போய்விடும் என்று சோனி பயந்தது. 2023 ஜூலையில் 10 வருஷ ஒப்பந்தம் போட்டுச் சமாதானம் ஆனார்கள். அப்புறம் மைக்ரோசாஃப்டே தன் கேம்களை ஒவ்வொன்றாக வெளியே விட ஆரம்பித்தது. ‘கியர்ஸ் ஆஃப் வார்’ 2025 ஆகஸ்டில் பிளேஸ்டேஷனுக்குப் போனது. ஹேலோவும் பிளேஸ்டேஷன் 5க்கு வருகிறது என்று அதே வருஷம் அக்டோபரில் அறிவித்தார்கள். அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அவனிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 4.