ஆமைக் குஞ்சை வாளித் தண்ணீரில் போடாதீர்கள்

மறுபடியும் ஒரு பிளாஸ்டிக் வாளி. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் குடியிருப்பு ஒன்றின் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து, கடலுக்குப் போகவேண்டிய பங்குனி ஆமைக் (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமை) குஞ்சுகள் வளாகத்துக்குள் வந்துவிட்டன. நல்ல மனதோடு பொறுக்கி எடுத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பிய வாளியில் இரவு முழுக்க வைத்திருந்து, விடிந்த பிறகுதான் தகவல் சொல்கிறார்கள். அதற்குள் பல செத்துவிடுகின்றன. மிச்சம் துடுப்பு அசைக்கத் தெம்பில்லாமல் மிதக்கின்றன. சென்னைக் கடற்கரையில் ஒவ்வொரு பருவத்திலும் இது நடக்கிறது.

“கடலாமைதானே, தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போகாதா?” என்று கேட்கிறார்கள். போகாது. ஆமைக்கு இருப்பது நுரையீரல். நம்மைப் போலக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. முட்டையை உடைத்த பிறகு மணலுக்குள்ளேயே சில நாள் இருந்துதான் குஞ்சு மேலே வருகிறது. ஓர் இரவு கரையில் இருப்பதால் அதற்குக் கேடில்லை. தண்ணீரில் இருப்பதால்தான் கேடு. சுமார் 4 செ.மீ. நீளமுள்ள அந்த உடலுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் முதல் சில நாள்களுக்கு அதன் கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓயாமல் நீந்தி, மீன்களும் பறவைகளும் மொய்க்கும் கரையோரக் கடலைத் தாண்ட வேண்டும். உடலில் தண்ணீர் பட்டதும் அந்த நீச்சல் தொடங்கிவிடும். வாளிக்குள் அது விளையாடவில்லை. சுவரில் முட்டி முட்டிக் கடலைத் தாண்டப் பார்க்கிறது. விடியும்போது கட்டுச்சோறு பெருமளவு காலி. அதைக் காலை வெயிலில் காக்கைக்கும் பருந்துக்கும் முன்னால் கடலில் விடுகிறீர்கள். உப்புப் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: தண்ணீரே வேண்டாம்.

அட்டைப் பெட்டியோ அகலமான கூடையோ எடுங்கள். அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஈரக் கடல்மணல் பரப்பி, குஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி விடுங்கள். காற்றுப் போக ஓட்டை போட்டு மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். ஏ.சி. அறை வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். வனத்துறைக்கோ இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக் குழிகளைத் தேடும் உங்கள் பகுதி ஆமை நடைத் தன்னார்வலர்களுக்கோ உடனே, அந்த இரவிலேயே, சொல்லுங்கள். விடச் சொன்னால் விளக்கில்லாத இடத்தில், அலைக்கு ஏழெட்டு மீட்டர் மேலேயே இறக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்து நில்லுங்கள். எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை அது ஊர்ந்துபோய்த்தான் பிடித்துக்கொள்கிறது. தூக்கித் தண்ணீரில் எறிவது உதவியல்ல. டார்ச் அடித்துக் கூட்டமாக நின்றால், காலடியில் மிதிபட்டே நாலைந்து போகும்.

தாய் ஆமைக்கும் இதே மாதிரி “உதவி” கிடைக்கிறது. இரவில் கரையேறிய ஆமையைப் பார்த்து, வழி தவறி வந்துவிட்டது என்று நாலு பேர் சேர்ந்து கடலுக்குள் தள்ளுகிறார்கள். 35, 40 கிலோ உடம்பை மணலில் இழுத்துக்கொண்டு அது வந்ததே முட்டையிடத்தான். குழி தோண்டி, இட்டு, மூடி, வயிற்றால் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போக ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் பேசாமல், விளக்கில்லாமல், அதன் பின்பக்கம் தள்ளி நில்லுங்கள். முட்டையிடத் தொடங்கும் முன் வெளிச்சம் பட்டால் இடாமலே திரும்பிவிடும். கண்ணில் நீர் வடிவது அழுகை இல்லை. உடம்பில் மிகுந்த உப்பைச் சுரப்பி வெளியேற்றுகிறது.

முட்டை விஷயத்தில் நேரம்தான் எல்லாம். ஒரு குழியில் நூற்றுக்கு முன்பின் முட்டைகள் இருக்கும். இட்ட சில மணி நேரத்தில் உள்ளே கரு, ஓட்டின் உட்சவ்வில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டை புரண்டால் சவ்வு கிழிந்து கரு செத்துவிடும்; வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அதனால்தான் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு (காவலில் வைத்துப் பொரிக்க விடும் வேலி போட்ட இடம்) மாற்றுவதை ஆறு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள், “எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?” என்று முதலில் கேட்பதும் அதற்காகவே. பையில் அள்ளி வீட்டில் வைத்திருந்து மறுநாள் மாலை கொண்டுவந்து கொடுத்தால், கொடுத்த முட்டையில் உயிர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். (பொரிப்பகத்தில் தாய் தோண்டிய அதே ஆழத்துக்கு, சுமார் ஒன்றரை அடிக்கு, பானை வடிவில்தான் குழி எடுக்க வேண்டும். முட்டைகளைச் சுற்றி ஈர மணலே இருக்க வேண்டும். மேலாக இருந்த காய்ந்த மணலைக் கொட்டி நிரப்பிக் கெடுத்தவர்கள் உண்டு.) நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஆமை ஊர்ந்த தடத்தை மிதித்து அழிக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, தகவல் சொல்வது. தடம் இருந்தால்தான் குழியைக் கண்டுபிடிக்க முடியும். முட்டையை எடுப்பது, விற்பது, தின்பது எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடலாமை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிபட்டால் சிறை.

குடியிருப்புச் சங்கத்தாருக்கு: ஜனவரி முதல் மே வரை இரவு 11 மணிக்குமேல் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். பாதுகாப்புக்கு வேண்டும் என்றால் தாழ்வாக, மூடி போட்டு, மஞ்சள் விளக்கு போடுங்கள். வெள்ளை எல்.இ.டி. வேண்டவே வேண்டாம். நாய் வளர்ப்பவர்கள் கடற்கரையில் சங்கிலியை அவிழ்த்துவிடாதீர்கள். உங்கள் நாய் சாதுவாக இருக்கலாம். குழியை மோப்பம் பிடித்தால் தோண்டத்தான் செய்யும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்ததும் பலர் பிளாஸ்டிக்கைக் குறை சொன்னார்கள். பிளாஸ்டிக்கும் கேடுதான். ஆனால் பருவத்தில் இப்படிக் கூட்டமாகச் சாவதற்கு முதல் காரணம் கரையோரம் விசைப்படகுகள் இழுத்துப்போகும் பெரிய வலையான இழுவை மடி. அதற்குள் சிக்கிய ஆமை மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகிறது.

படகில் வேலை செய்யும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வலையில் ஏறிய ஆமை அசையவில்லை என்றால் செத்துவிட்டது என்று உடனே தூக்கிப் போடாதீர்கள். மயக்கத்தில் இருக்கலாம், அப்படியே கடலில் போட்டால் மூழ்கிவிடும். மல்லாக்கப் போடாமல் வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தை அரை அடிக்குக் குறையாமல் உயர்த்தி வையுங்கள், நுரையீரலில் உள்ள தண்ணீர் வடியட்டும். நிழலில் வைத்து ஈரச் சாக்குப் போடுங்கள், மூக்கை மூடிவிடாதீர்கள். அவ்வப்போது கண்ணோரத்தையும் வாலையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தெளிய நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். தெளிந்ததும் இன்ஜினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக, தாழ்வாக இறக்கிவிடுங்கள்.