மந்திரத்துக்கும் கணக்கு உண்டு

ஒரு மந்திரவாதிக்கு இரண்டு வேலைகள் தரப்படுகின்றன. மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் தவளையை ஓரடி உயரத்தில் மிதக்கவிட வேண்டும். அடுத்து, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் புதிதாக ஒரு தவளையை உண்டாக்க வேண்டும். எதற்கு அதிக சக்தி செலவாகும்? இரண்டுமே நடக்காத காரியங்கள். நடக்காததில் எது கடினம், எது சுலபம் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் கேள்வியைப் படித்தவுடனேயே உங்கள் மனம் பதில் சொல்லியிருக்கும்: உண்டாக்குவதுதான் கடினம்.

ஜான் மெக்காய், டோமர் உல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே கேள்வியைப் பலரிடம் கேட்டு 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிதக்கவிடுவதைவிட உண்டாக்குவதற்கே அதிக முயற்சி தேவை என்று மக்கள் கருதினார்கள். மந்திரத்தின் அளவை மாற்றியபோது பதிலும் அதற்கேற்ப நகர்ந்தது. இன்னொரு ஆய்வில், ஆண்ட்ரூ ஷ்டுல்மனும் அவருடைய சக ஆய்வாளரும் கூடைப்பந்தை மிதக்கவிடுவதையும் பௌலிங் பந்தை மிதக்கவிடுவதையும் ஒப்பிடச் சொன்னார்கள். பௌலிங் பந்துதான் கடினம் என்ற பதில் வந்தது. யோசித்துப் பாருங்கள்: ஈர்ப்பு விசையையே ரத்து செய்துவிட்ட பிறகு எடைக்கு என்ன வேலை? ஆனால் மனம் எடையை விடுவதில்லை.

மந்திரக் கதைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கான திறவுகோல் இதுதான் என்று நினைக்கிறேன். கற்பனை உலகுக்குள் நுழையும்போது இயற்பியலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நாம் போவதில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் தளர்த்திக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போகிறோம். பள்ளியில் படித்த இயற்பியல் அல்ல இது, அதற்கும் வெகு முன்னால் வந்தது. ரெனே பையார்ஜோன், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மன் மூவரும் 1985இல் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு காட்சியைக் காட்டினார்கள். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒரு தட்டி எழும்பி அதை மறைக்கிறது. பெட்டி இருக்கும் இடத்தையும் ஊடுருவிக்கொண்டு பின்பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிடுகிறது. பெட்டியில் முட்டி நிற்கும் சாதாரணக் காட்சியைவிட, இந்த நடக்க முடியாத காட்சியைக் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தன. கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் அங்கேயேதான் இருக்கும், அதற்குள் இன்னொரு பொருள் புக முடியாது என்ற எதிர்பார்ப்பு, பேச்சு வருவதற்கு முன்பே அவர்களிடம் இருக்கிறது. திரையில் ஒருவர் சுவருக்குள் நடந்து போகும்போது நமக்குச் சிலிர்ப்பது அந்தப் பழைய எதிர்பார்ப்பு உடைவதால்தான்.

தவளை விஷயத்தில் நம் மனம் போட்ட கணக்கை நிஜ இயற்பியலும் ஒப்புக்கொள்கிறது. 20 கிராம் தவளையை ஓரடி உயர்த்த ஏறத்தாழ 0.06 ஜூல் ஆற்றல் போதும். அதே 20 கிராம் பொருளை ஆற்றலிலிருந்து உண்டாக்க வேண்டுமென்றால், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி சுமார் 1,800 லட்சம் கோடி ஜூல் தேவை. ஹிரோஷிமாவில் வெடித்த அணுகுண்டின் ஆற்றலைப் போல 25 மடங்குக்கும் மேல். கையசைத்துப் புறாவையும் விருந்தையும் வரவழைக்கும் மந்திரவாதி, மலையைப் பிளக்கும் மந்திரவாதியைவிடப் பலசாலி! இந்தக் கணக்கைக் கதையாசிரியர்கள் அதிகம் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

பனி மந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில், அதாவது 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை முழுக்கப் பனிக்கட்டியாக்க, அதிலிருந்து ஏறத்தாழ 440 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். எடுத்த வெப்பம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். மந்திரவாதியின் உடம்புக்குள்ளேயே போவதாக வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு உடல்வெப்பம் சுமார் 2 டிகிரி ஏறும்; 37இல் இருந்தவருக்கு 39 டிகிரி காய்ச்சல். ஒரு செம்புத் தண்ணீரை உறையவைத்துவிட்டு நெற்றி கொதிக்க உட்கார்ந்திருப்பார். ஐந்து லிட்டரை ஒரே மூச்சில் உறையவைத்தால் உயிர் தங்காது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டாலே ஒரு முழுக் கதை பிறந்துவிடும்: பனி மந்திரவாதிகள் ஏன் மலைச் சிகரங்களில் வாழ்கிறார்கள், ஏன் எப்போதும் இரண்டு பேராகச் சேர்ந்து போரிடுகிறார்கள், அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எதிரிக்கு ஏன் கொண்டாட்டம் என்று எல்லாமே அதிலிருந்து தானாக வந்து விழும்.

கேம்களில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையாக இருக்கும், ஏனென்றால் கம்ப்யூட்டருக்கோ ஆட்டத்தை நடத்துபவருக்கோ எண்கள் வேண்டும். எழுத்தாளர் ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைகளில் மந்திரவாதிகளால் சில மந்திரங்களை மட்டுமே மனத்தில் ஏற்றி வைத்துக்கொள்ள முடியும். ஏவியவுடன் அந்த மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். 1974இல் வந்த, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இத்தனை ஸ்பெல் என்ற கணக்கு அங்கிருந்துதான் பரவியது. பிறகு வீடியோ கேம்களில், மீதமுள்ள மந்திரசக்தியைக் காட்ட மானா, எம்பி (MP) என்று ஒரு நீலப்பட்டை வந்தது. ஏவ ஏவக் குறையும், ஓய்வெடுத்தால் நிறையும். கூல்டவுன் என்பது நேரத்தால் போடும் வேலி: ஒருமுறை ஏவிய மந்திரத்தை மறுபடி ஏவச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். மந்திரவாதிகளுக்குப் பெரும்பாலும் உயிர்ப்பட்டை குறைவாகவும் தாக்குதல் வலு அதிகமாகவும் வைப்பதும் இதே நோக்கத்தில்தான். வாள்வீரன் முன்னால் நின்று அடியை வாங்கிக்கொண்டால்தான் பின்னால் இருப்பவர் மந்திரத்தைச் சொல்லி முடிக்க முடியும். ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுகிறார்.

இந்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது 33,000. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978ஆம் ஆண்டு விதிநூலில், ஃபயர்பால் என்ற தீக்கோள மந்திரம் ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பும் என்று இருந்தது. திறந்தவெளியில் அது 20 அடி ஆரம் கொண்ட கோளம். குகைப்பாதைக்குள் என்ன ஆகும்? 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள பாதையில், தீ 330 அடி நீளத்துக்கு ஓடும். 100 அடி தள்ளி நிற்கும் எதிரியைக் குறிவைத்து ஏவினால், இருபக்கமும் 165 அடி வீதம் பரவித் திரும்பி வந்து, ஏவியவரையும் அவருடைய கூட்டாளிகளையும் சேர்த்தே விழுங்கிவிடும். தீ எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்கவில்லை. ஆனால் வந்த பிறகு அது அடைபட்ட இடத்தில் விரியும் வாயுவைப் போலவே நடந்துகொண்டது. பிற்காலப் பதிப்புகள் இந்த விதியைக் கைவிட்டன. ஆட்டம் வேகமாயிற்று, சுவரின் நீள அகலத்தை அளந்து பார்த்துத் தயங்கும் மந்திரவாதி காணாமல் போனார்.

எல்லா மந்திரமும் இயற்பியலைச் சார்ந்து நிற்பதில்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள் கூண்டில் இருக்கும் கிளியில் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது. கிளியின் காலை முறித்தால் அவன் கால் முறிகிறது, கழுத்தைத் திருகினால் அவன் கதை முடிகிறது. இங்கே ஆற்றல், எடை, தொலைவு எதுவும் கணக்கில் இல்லை. ஆனாலும் கேட்கும் குழந்தை ஒருபோதும் “அதெப்படி?” என்று மடக்குவதில்லை. மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர், 1890இல் வெளிவரத் தொடங்கிய தன் பெருந்தொகுப்பில், உலகெங்கும் உள்ள மந்திர நம்பிக்கைகளை இரண்டு விதிகளுக்குள் அடக்கினார். ஒன்றைப் போன்றிருப்பது அதையே பாதிக்கும். ஒருமுறை தொட்டது பிரிந்த பின்னும் தொடர்பில் இருக்கும். முடியையோ உடைந்த நகத்தையோ வைத்துச் செய்யும் சூனியம் இரண்டாவது விதியில் வரும். பொம்மையில் ஊசி குத்துவது முதல் விதியில் வரும்.

அது அந்தக் கால மனம் என்று ஒதுக்கிவிட முடியாது. உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 1986இல் செய்த சோதனை ஒன்றில், கல்லூரி மாணவர்கள் கண்ணெதிரே இரண்டு பாட்டில்களில் சர்க்கரை கொட்டப்பட்டது. ஒன்றில் ‘சர்க்கரை’, மற்றதில் ‘சயனைடு’ என்ற சீட்டுகளை மாணவர்களே ஒட்டினார்கள். இரண்டும் சர்க்கரைதான் என்று தெரிந்திருந்தும், சயனைடு சீட்டு ஒட்டிய பாட்டிலிலிருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கப் பலர் தயங்கினார்கள். எழுத்து பொருளைத் தொட்டுவிட்டது! மந்திரச் சொல், ரகசியப் பெயர், சாபம் எல்லாம் கதையில் இயல்பாகப் பொருந்துவது இந்தத் தயக்கம் நமக்குள் இன்னும் இருப்பதால்தான்.

எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் ஒரு விதியை முன்வைத்தார். மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்த்துவைக்க வேண்டுமென்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு அந்த அளவுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விதிகள் சொல்லப்படாத மந்திரமும் கதைக்கு வேண்டும். வியப்பும் அச்சமும் அதிலிருந்துதான் வரும். ஆனால் அதை வைத்துக் கடைசி நிமிடத்தில் நாயகனைக் காப்பாற்றினால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

விக்கிரமாதித்தன் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல் இந்த இடத்தில் ஒரு பாடநூல் போல இருக்கிறது. விதி மிக எளிது: உயிரில்லாத எந்த உடலிலும் புகலாம், ஆனால் விட்டுவந்த உடல் காவலின்றிக் கிடக்கும். மன்னன் கிளியின் உடலுக்குள் புகுந்த நேரம் பார்த்து, அதே வித்தையைத் திருட்டுத்தனமாகக் கற்ற ஒருவன் மன்னனின் உடலுக்குள் நுழைந்து அரண்மனைக்குப் போய்விடுகிறான். அரசிக்கு நடையிலும் பேச்சிலும் சந்தேகம் வருகிறது. அவள் படையையோ வேறொரு மந்திரவாதியையோ தேடிப் போகவில்லை. “செத்துக் கிடக்கும் இந்த ஆட்டுக்கு உயிர் கொடுங்கள் பார்க்கலாம்” என்று கேட்கிறாள். பெருமைக்கு ஆசைப்பட்டு அவன் ஆட்டின் உடலுக்குள் பாய்கிறான். காலியான தன் உடலுக்குள் மன்னன் உடனே திரும்பிவிடுகிறான்.