கட்டிலில் உட்கார வைத்துவிடாதீர்கள்

"எங்கய்யனெ ஒரு வேலையும் செய்ய உடறதில்லீங்க. கட்டல்லயே உக்கார வெச்சுப் பாத்துக்கறோம்."

அவிநாசிப் பக்கத்திலிருந்து தந்தையைக் கூட்டிவந்த மகன் சொன்னார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரியவரைப் பாதி முடக்கியது அந்தக் கட்டில்தான்.

பெரியவர் 30 வருசம் நூல் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் தூசிக்குள் இருந்தவர். பீடியும் உண்டு. இப்போது சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வாசலிலிருந்து கட்டுத்தரைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவார். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு விறகடுப்புப் புகையே போதும், இதே நோய் வர.

பிசியோதெரபிஸ்டான நான் இந்த நோயாளிகளிடம் முதலில் பார்ப்பது தொடையை. பெரியவருக்குச் சதை வற்றி, எலும்பு தட்டுப்பட்டது. மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைக்கிறார்கள். நடக்காத காலில் சதை கரைகிறது. கரைந்த சதை சின்ன வேலைக்கே களைத்துப்போய், இன்னும் அதிகமாக மூச்சு வாங்க வைக்கிறது. கெட்டுப்போன நுரையீரலைப் பயிற்சியால் மீட்க முடியாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். கால் சதையை மீட்கலாம்.

30 மீட்டர் வராண்டாவில் 6 நிமிட நடைச் சோதனை வைத்தோம். 210 மீட்டர்தான் நடந்தார்.

டாக்டர் இதயத்தையும் பார்த்துச் சம்மதித்த பிறகு, வாரம் 3 நாள், 8 வாரம் பயிற்சி. நடை, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குதல். மூச்சு கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும். மூச்சு வாங்குவதற்கு அவரே 10-க்கு மார்க் போட்டு, அது 4 வரை போனால் பயப்பட வேண்டாம். மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொன்னேன். இந்த நோயில் மூச்சை விடும்போது நுரையீரலின் சிறு காற்றுக் குழாய்கள் முன்கூட்டியே மூடிக்கொண்டு, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். உதட்டைக் குவித்தால் அவை சற்று நேரம் திறந்திருக்கும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, விரலில் மாட்டும் மீட்டர் ஆக்சிஜனை 88 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

எட்டாவது வாரம் 275 மீட்டர் நடந்தார். 30 மீட்டர் கூடினாலே உடம்புக்கு வித்தியாசம் தெரியும்.

"நேத்து எருமைக்கு நாந்தானுங்க தண்ணி காட்டுனன்" என்றார். மகன் பதறிப்போனார்.

பயிற்சியை விட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். அதனால் தினமும் காலையில் கட்டுத்தரைக்குப் போய்வருவதை அய்யனிடமே விட்டுவிடச் சொன்னேன். பாதி வழியில், வேப்பமரத்தடியில் ஒரு கல்லைப் போட்டு வைக்கவும் சொன்னேன். மூச்சு வாங்கினால் அதில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி ஆற்றிக்கொண்டு, மீதித் தூரத்தையும் அவரே நடக்கட்டும்.