கடவுச்சொல்லைச் சொல்லாமலே அது தெரியும் என்று காட்டுவது எப்படி?

உப்புவெளியிலிருந்து வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "சேர், இங்க எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதல்ல பெயரும் கடவுச்சொல்லும் கேட்குது. நான் அடிக்கிறதை இடையில இருந்து ஒருத்தர் பார்க்க ஏலாதா?"

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கள் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ப்ராக்ஸி என்ற கணினியும் அப்படி ஒரு வாசல்தான். உலாவி முதலில் வெறுங்கையோடு போகிறது, ப்ராக்ஸி 407 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புகிறது, எந்த முறையில் அடையாளம் காட்டவேண்டும் என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கும். அப்போதுதான் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அந்தப் பெட்டி திரையில் வருகிறது.

'பேசிக்' முறையில் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒட்டி பேஸ்64 என்ற குறிமுறை எழுத்துகளாக மாற்றி அனுப்புவார்கள். பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருப்பதால் பலர் அதைப் பூட்டு என்று நம்பிவிடுகிறார்கள், ஆனால் யாரும் ஒரு நொடியில் திருப்பி எடுத்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'டைஜஸ்ட்' முறை. இதில் ப்ராக்ஸி ஒரு புது எண்ணைக் கொடுத்து, "இதோடு உன் ரகசியத்தைக் கலந்து விடையை மட்டும் சொல்" என்கிறது. உங்கள் ரகசியம் 83, கொடுத்த எண் 47 என்றால் பெருக்கி 3901 என்கிறீர்கள். ரகசியம் ப்ராக்ஸிக்கும் தெரியும், அதுவும் பெருக்கிச் சரிபார்க்கிறது. ஒளிந்திருந்து கேட்டவன் நாளைக்கு வந்து 3901 என்றால் பலிக்காது, ஏனென்றால் நாளைய எண் 59, விடை 4897. 83 என்ற எண் ஒருதடவைகூட வயரில் போகவில்லை! சரி, 3901-ஐ 47-ஆல் வகுத்தால் ரகசியம் வந்துவிடுமே? அதனால்தான் பெருக்கலுக்குப் பதிலாக, பின்னோக்கிப் போக வழியில்லாத ஹாஷ் கணக்கு. முன்பு எம்டி5 என்ற ஹாஷ், 2015-இல் வந்த தரத்தில் ஷா-256 என்ற ஹாஷும் சேர்ந்தது. எந்த முகவரியைக் கேட்கிறோம் என்பதையும் அதில் கலப்பதால், திருடிய விடையை வேறு பக்கத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது.

ஆனாலும் ஊர்ப்பெயரையே கடவுச்சொல்லாக வைத்தால், எண்ணையும் விடையையும் பிடித்தவன் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். ப்ராக்ஸி வரையான பாதையையே டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையைக் கொண்டு மறைப்பதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. அந்த மறைப்பு இல்லாத இடத்தில் பேசிக் முறையை வைத்திருப்பது தவறு.

அப்புறம் அவளும் நானும் வயரில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து எங்கள் வகுப்பு ப்ராக்ஸி என்ன கேட்கிறது என்று பார்த்தோம். பேசிக், எந்த மறைப்பும் இல்லாமல். அவளுடைய கடவுச்சொல்லை அவளே அங்கே வாசித்தாள். அன்று பின்னேரமே ப்ராக்ஸியின் அந்த முறையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.