செல்பேசி பில்லில் வசூலாகும் 911 கட்டணம் எங்கே போகிறது?

அமெரிக்காவில் செல்பேசி வைத்திருப்பவர்களின் பில்லில் அவசர அழைப்பு எண்ணான 911-க்கென்று ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கும். நியூ ஜெர்சியில் அது மாதம் 90 சென்ட். எவ்வளவு வாங்குவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ப்ரீபெய்டு எண்ணுக்குத்தான் பில்லே கிடையாதே என்றால், அதற்கும் வழி இருக்கிறது: பல மாநிலங்களில் கடையில் ரீசார்ஜ் வாங்கும்போதே பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, இவ்வளவு பணம் எதற்கு? முதல் 911 அழைப்பு 1968இல் அலபாமாவின் ஹேலிவில் ஊரில் போனது. அது கம்பி வழித் தொலைபேசிக் காலம். பின்னாளில் எண்ணையும் முகவரியையும் இணைத்துப் பட்டியல் வைத்தார்கள். அழைத்தவர் பேச முடியாமல் மயங்கி விழுந்தாலும் வீடு எதுவென்று திரையில் தெரிந்தது. செல்பேசிக்கு அப்படி நிலையான முகவரி இல்லை.

அதனால் 1996இல் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் இரண்டு கட்டமாக விதி போட்டது. முதலில், அழைத்தவரின் எண்ணும் அழைப்பு எந்த டவர் வழியாக வந்தது என்பதும் தெரிய வேண்டும். கிராமப்புறத்தில் ஒரு டவர் பல கிலோமீட்டர் பரப்பைக் கவனித்துக்கொள்ளும். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது? ஆகவே அடுத்த கட்டத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கேட்டார்கள். செல்பேசி செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. கட்டடத்துக்குள் அந்தச் சிக்னல் மங்கிவிடும் என்பதால், சுற்றியுள்ள வைஃபை கருவிகளும் டவர்களும் துணைக்கு வருகின்றன. எத்தனையாவது மாடி என்பதைக் கண்டுபிடிக்கக் காற்றழுத்த உணரி உதவுகிறது.

ஆனால் செல்பேசி எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும், அதை வாங்கிக்கொள்ளும் கணினியும் வரைபடமும் ஆட்களும் அழைப்பு மையத்தில் இருக்க வேண்டும். பேச முடியாதவர்கள் 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும், அதற்கான ஏற்பாட்டைச் செய்த மையங்களில்தான் கிடைக்கும். கட்டணம் வசூலிப்பதே இதற்குத்தான்.

சில மாநிலங்களோ அந்தப் பணத்தின் ஒரு பகுதியை வேறு செலவுகளுக்குத் திருப்பிவிடுகின்றன. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையம் இதைப் பற்றி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. பணத்தைத் திருப்பிவிடும் மாநிலங்களாக நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் அதில் திரும்பத் திரும்ப இடம்பெற்றிருக்கின்றன. வண்டி ஓட்டும்போது செல்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவதை 2001இல் முதன்முதலாகத் தடைசெய்த மாநிலம் நியூயார்க். அவசர அழைப்புக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு யோசித்துச் சட்டம் இயற்றியவர்கள், அந்த அழைப்பை எடுக்கும் மையத்தின் பணத்திலும் அதே அக்கறையைக் காட்டியிருக்க வேண்டும்.

2021இல் ஆணையம் இன்னும் கறாரானது. கட்டணத்தை மாநிலத்தின் பொது நிதிக்கு மாற்றுவதும், 911-க்கு நேரடியாக உதவாத காவல், தீயணைப்புக் கருவிகள் வாங்குவதும் முறையற்ற செலவு என்று வரையறுத்தது. திருப்பிவிடும் மாநிலத்துக்கு 911 மேம்பாட்டுக்கான கூட்டாட்சி மானியமும் கிடைக்காமல் போகலாம். இந்தத் தண்டனையில் எனக்கு உடன்பாடில்லை. பணத்தை எடுப்பது சட்டமன்றம். மானியத்தையும் சேர்த்து இழப்பது அழைப்பு மையம்.