ஜப்பான் கேம் பெட்டியும் நம்மூர் 230 வோல்ட்டும்

கோடை லீவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரத் தொடங்கினால் என் சர்வீஸ் மேசைக்குப் பழைய வீடியோ கேம் பெட்டிகளும் வரத் தொடங்கிவிடும். செட்டிநாட்டில் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்க, போன குடும்பங்கள், சிங்கப்பூர் மலேயாவில் ஆரம்பித்து அமெரிக்கா ஜப்பான் வரைக்கும் போயாச்சு, அவர்கள் வாங்கிவந்த சாமானெல்லாம் பூட்டிய அறைகளில் கிடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருளோடு பொருளாக வாங்கிவருகிறவர்களும் உண்டு. இந்தப் பெட்டிகளில் நிறைய, பழசானதால் கெட்டவை அல்ல. வருஷக்கணக்கில் பேசாமல் கிடந்துவிட்டு, தப்பான அடாப்டரைச் சொருகிய அன்றைக்குக் கெட்டவை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சிங்கப்பூர், மலேசியாவிலும் கிட்டத்தட்ட இதேதான், அந்தப் பெரிய சதுர மூணு பின்னுக்கு ஒரு டிராவல் பிளக் வாங்கினால் போதும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அங்கிருந்து வந்ததற்கும் அதே டிராவல் பிளக்கைப் போடுவதில்தான் வினை வருகிறது, ஏனென்றால் அது பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டைத் தொடாது. அந்தக் கால அடாப்டர் என்பது உள்ளே வெறும் டிரான்ஸ்ஃபார்மர். 100க்குச் சுற்றியதில் 230 கொடுத்தால் வெளியே வருவதும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், சுருளும் வெந்துபோகும்.

சோனியின் முதல் கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் இன்னும் மோசம். அதில் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, வெளியே சொருகுவது டேப் ரெக்கார்டருக்குப் போடும் எட்டு வடிவ கார்டுதான், எந்த வீட்டிலும் ஒன்று கிடக்கும். ஜப்பான் மாடலைத் திறந்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கெப்பாசிட்டரில் பொதுவாக 200 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும், அதுதான் அது தாங்கும் அளவு. நம் 230 ஏசி மின்சாரத்தை உள்ளே டிசியாக மாற்றினால் 325 வோல்ட் வருகிறது. மேல்மூடி உப்பி, உள்ளிருந்த திரவம் பலகையெல்லாம் கசிந்து, மீன் வாடை அடிக்கும். பின்பக்கம் 100 என்று மட்டும் எழுதியிருந்தால், 230ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள். அதிலும் இஸ்திரிப் பெட்டிக்கென்று விற்கும் மலிவான கன்வர்ட்டர் வேண்டாம், கையில் எடுத்தால் கனக்கிற நிஜ டிரான்ஸ்ஃபார்மராக வாங்குங்கள்.

சரி, வோல்ட்டைப் பார்த்தாச்சு என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி பேரனோடு ஒரு சூப்பர் ஃபேமிகாமை, அதாவது சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பான் மாடலை, கொண்டுவந்தார். "தம்பி, இவன் எதையோ சொருகினான், அதோட பேச்சு மூச்சில்ல." சொருகியது வைஃபை ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டர். பின் கச்சிதமாகத்தான் நுழையும், ஆனால் அதில் பின்னின் நடுவில் பாசிட்டிவ், வெளிவளையத்தில் நெகட்டிவ். இந்தப் பெட்டி கேட்பது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடுவில் நெகட்டிவ். நல்லவேளை, பவர் சாக்கெட் பக்கத்திலிருந்த ஃபியூஸோடு போயிற்று, மாற்றினதும் எழுந்துகொண்டது.

"அண்ணே, எங்ககிட்ட நிண்டெண்டோவோட ஒரிஜினல் அடாப்டரே இருக்கே, அதைப் போடலாம்ல?" என்று பையன் கேட்டான். அது ஐரோப்பாவில் விற்றது. அதில் வெளியே வருவது 9 வோல்ட் ஏசி. ஜப்பானில் ஃபேமிகாம் என்று விற்ற நிண்டெண்டோ பெட்டிக்கு அமெரிக்காவில் நெஸ் என்று பெயர், அந்த அமெரிக்க நெஸ் அடாப்டரும் ஏசிதான். நெஸ்ஸுக்குள் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் இருப்பதால் அது தாங்கும், ஜப்பான் ஃபேமிகாமிலும் சூப்பர் ஃபேமிகாமிலும் அது கிடையாது. கம்பெனி ஒன்று, பின் ஒன்று, போட்டால் பெட்டி காலி. இன்னொரு கேம் கம்பெனியான சேகாவும் சளைத்ததல்ல, அதன் முதல் மெகா டிரைவ் பெட்டிக்கு நடுவில் நெகட்டிவ், இரண்டாவது மாடலுக்கு நடுவில் பாசிட்டிவ்.

அதனால் அடாப்டர் ஸ்டிக்கரில் அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். அலைபோல் வளைந்த கோடு இருந்தால் ஏசி, நேர்க்கோட்டுக்குக் கீழே புள்ளிக்கோடு இருந்தால் டிசி, பக்கத்திலேயே ஒரு வட்டப்படத்தில் நடுவில் எது என்று காட்டியிருப்பான். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. கிட்டார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் நடுவில் நெகட்டிவ்தான், ஒரு ஆம்பியருக்கு மேல் கொடுப்பதாகப் பார்த்து வாங்கினால் சூப்பர் ஃபேமிகாம் அதிலேயே ஓடும். ஸ்டெப் டவுனும் தேவையில்லை.

கண்ட்ரோலரிலும் இதே கூத்துதான். நம்மூரில் 90களில் விற்ற டூப்ளிகேட் டிவி கேம்களில் பலவற்றின் ஒன்பது பின் கண்ட்ரோலர் மெகா டிரைவிலும் அழகாக நுழையும், உள்ளே வயர் ஓட்டமே வேறு. டிவிக்குப் படம் கொண்டுபோகும் ஜப்பான் 21 பின் ஆர்ஜிபி வயரும் ஐரோப்பாவின் ஸ்கார்ட் வயரும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள், பின்களின் வேலை வேறு வேறு. ஐரோப்பிய சூப்பர் நிண்டெண்டோவின் வீடியோ சாக்கெட்டில் ஒரு பின்னில் 12 வோல்ட் வரும், அமெரிக்க மாடலில் அதே பின்னில் வருவது படத்தை ஓடாமல் நிறுத்தும் சிங்க் சிக்னல். வயரை மாற்றிப் போட்டால் அடி விழுவது கேம் பெட்டிக்கு அல்ல, டிவிக்கு.

படம் கருப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டு ஓடினாலோ பயப்பட ஒன்றுமில்லை, ஜப்பான், அமெரிக்காவின் டிவி கலர் முறை என்டிஎஸ்சி (NTSC), நம்முடையது பால் (PAL). டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவில் வையுங்கள். எதுவும் உடைந்திருக்காது.

மெமரி கார்டில் மட்டும் அவசரம் வேண்டாம். நிண்டெண்டோவின் ஜப்பான் கேம்கியூப் பெட்டியில் சேமித்த கார்டை அமெரிக்கப் பெட்டியில் போட்டால் கார்டு கெட்டுவிட்டது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால் உள்ளே இருந்தது அத்தனையும் போய்விடும், அதை என்னாலும் மீட்டுத்தர முடியாது.